வாசகர் கேள்வி–பதில்: பர்னருக்குக் குறைவது கேஸ் அல்ல, காற்று

மாதிரி நீராவி எஞ்சின்களின் பர்னர் குறித்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். 32 மி.மீ., 45 மி.மீ. தண்டவாளங்களில் ஓடும், பியூட்டேனிலோ ஸ்பிரிட்டிலோ (எரிசாராயம்) எரியும் எஞ்சின்களுக்கே இந்தப் பதில்கள் பொருந்தும். நிலக்கரி எரிக்கும் எஞ்சின்களின் நெருப்பு வேறு வகை. அதை இங்கே தொடவில்லை.

கேள்வி: என்னுடையது 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் கேஸ் எஞ்சின். பாய்லர் 200 மி.லி. தண்ணீர் கொள்ளும். நீராவி ஏற 12 நிமிடம் ஆகிறதே என்று 0.20 மி.மீ. ஜெட்டை எடுத்துவிட்டு 0.25 மி.மீ. ஜெட் போட்டேன். இப்போது புகைப்பெட்டிக்குள் எரிகிறது, பெயிண்ட் கருகுகிறது, நீராவி முன்பைவிடத் தாமதமாகிறது. என்ன செய்ய? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் பழைய ஜெட்டை, அதாவது கேஸ் சீறி வரும் நுண்துளை முனையை, திரும்பப் போடுங்கள். துளையின் விட்டம் 0.20லிருந்து 0.25 ஆனால் பரப்பு 56 சதவீதம் கூடும். கேஸும் அதே அளவு கூடும். ஆனால் ஜெட்டிலிருந்து சீறும் கேஸ் தன்னோடு இழுத்துவரும் காற்று அந்த அளவுக்குக் கூடாது. ஒரு பங்கு கேஸ் எத்தனை பங்கு காற்றை இழுக்கும் என்பது கேஸும் காற்றும் கலக்கும் கலவைக் குழாயின் விட்டத்துக்கும் ஜெட்டின் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. குழாயை மாற்றாமல் ஜெட்டை மட்டும் பெரிதாக்கினால் அந்த விகிதம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதாவது கேஸ் 56 சதவீதம் கூடியது, காற்று சுமார் 25 சதவீதமே கூடியது. ஒரு கன அளவு பியூட்டேன் முழுதாக எரிய 31 கன அளவு காற்று வேண்டும். அது தீக்குழாயில் (பாய்லருக்குள் பர்னர் எரியும் குழாய்) கிடைக்காதபோது, எரியாத கலவை பாய்லரைத் தாண்டிப் போய், புகைபோக்கி வழியே காற்று கிடைக்கும் இடத்தில், அதாவது அதன் அடியிலுள்ள புகைப்பெட்டியில், பற்றிக்கொள்கிறது. உங்கள் கேஸ் தண்ணீரைச் சுடாமல் பெயிண்டைச் சுடுவது இதனால்தான்.

அடுத்து, 12 நிமிடம் உண்மையிலேயே அதிகமா என்று பாருங்கள். 200 மி.லி. தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 2.8 பார் (40 பி.எஸ்.ஐ.) அழுத்தத்துக்குரிய 142 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 98 கிலோஜூல் வேண்டும். பாய்லரின் செம்பும் பித்தளையும் ஒரு கிலோ இருந்தால் அவை சூடாக இன்னொரு 45. ஆக ஏறக்குறைய 145 கிலோஜூல். 20 கிராம் பியூட்டேனை அரை மணி நேரத்தில் எரிக்கும் பர்னர் சராசரியாக 500 வாட் வெப்பம் தரும். அதில் பாதி தண்ணீரில் சேர்ந்தால், இந்த அளவு பாய்லருக்கு அது நல்ல கணக்கு. நொடிக்கு 250 ஜூல் என்றால் 145 கிலோஜூலுக்குப் 10 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். உங்கள் 12 நிமிடத்தில் குறை இருக்கிறது. ஆனால் ஜெட்டை மாற்றும் அளவுக்கு இல்லை. பச்சைத் தண்ணீருக்குப் பதில் 85 டிகிரி வெந்நீரை ஊற்றித் தொடங்கினால் 50 கிலோஜூல், அதாவது தேவையில் மூன்றில் ஒரு பங்கு, அப்போதே மிச்சமாகும். பர்னரில் கை வைக்காமல் கிடைக்கும் மூன்று நிமிடம் அது.

மீதிக் குறையை இந்த வரிசையில் தேடுங்கள். வரிசை முக்கியம், நடுவிலிருந்து தொடங்கினால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கலைத்துவிடுவோம்.

கேஸ் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். தீக்குச்சி வைத்துப் பார்க்கவே கூடாது. பிறகு ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள் (எப்படி என்று கீழே மூன்றாம் பதிலில்). திரும்பப் பொருத்தும்போது ஜெட்டின் முனை கலவைக் குழாயின் நடு அச்சில் இருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கேஸ் குழாயின் சுவரில் மோதி வேகத்தை இழக்கும். வேகம் போனால் காற்று இழுக்கும் சக்தியும் போய்விடும். காற்றுத் துளைகளுக்கு எதிரே ஜெட்டின் முனை எங்கே நிற்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். துளைகளைத் தாண்டி உள்ளே போய்விட்டால் இழுப்பு குறையும். துளையின் பின்விளிம்பில் தொடங்கி, அரை அரை மில்லிமீட்டராக முன்னும் பின்னும் நகர்த்தி, சுடர் எங்கே அதிகம் நீலமாகிறது என்று பாருங்கள்.

காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் காற்று வளையம் கடைசியாகத்தான். முழுக்கத் திறந்து பற்றவைத்து, பர்னர் சூடான பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். சுடரின் முனையில் மஞ்சள் தலைகாட்டும் இடத்திலிருந்து ஒரு நூல் திறந்து நிறுத்துங்கள். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. வெயிலில் நீலச் சுடர் கண்ணுக்கே தெரியாது. பர்னரின் பிளவுகள் அனைத்திலும் ஒரே உயரத்தில் சுடர் நிற்க வேண்டும். முன்கோடியில் மட்டும் நீண்டு, பின்னால் குட்டையாக இருந்தால் பிளவுகளில் கரியோ துருவோ அடைத்திருக்கிறது. மெல்லிய தகட்டால் சுரண்டி எடுங்கள். அரம் போட்டு அகலப்படுத்தாதீர்கள். அகலமான பிளவு வழியே சுடர் பர்னருக்குள் புகுந்து ஜெட்டின் வாயிலேயே எரியத் தொடங்கும். பியூட்டேன் கலவையின் சுடர் சுமார் 2 மி.மீ. இடுக்கில் குளிர்ந்து அணையும் என்றாலும், அது குளிர்ந்த உலோகத்துக்கான கணக்கு. செக்கச்சிவந்த பர்னரில் அந்த எல்லை குறையும். அதனால்தான் ரம்பத்தால் போடும் அரை மில்லிமீட்டர் வெட்டே வழக்கம்.

பற்றவைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். வால்வை மெல்லத் திறந்து, மெல்லிய சீறல் கேட்டதும் புகைபோக்கியின் மேல் லைட்டரைக் காட்டுங்கள், முகத்தைக் குனிக்காதீர்கள். 'பொப்' என்ற ஒலியோடு சுடர் பின்னோக்கி ஓடித் தீக்குழாயில் உட்கார வேண்டும். புகைப்பெட்டியிலேயே நின்று எரிந்தால் கேஸைக் குறையுங்கள்; குறைக்கக் குறைக்க ஓரிடத்தில் உள்ளே இறங்கும். நான்கைந்து நொடியில் பற்றாவிட்டால் வால்வை மூடி, புகைபோக்கியில் ஊதி, தேங்கிய கேஸ் கலைந்த பிறகே மறுபடி முயல வேண்டும்.

கேள்வி: பர்னர் ஊளையிடுகிறது. தோட்டத்தில் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். கேஸைக் குறைத்தால் நிற்கிறது. ஆனால் அழுத்தம் ஏறுவதில்லை. — வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: தீக்குழாய் ஒரு பக்கம் திறந்த ஊதுகுழலுக்குச் சமம். குழாய்க்குள் எழும் அழுத்த அலையும் சுடர் துடிக்கும் வேகமும் ஒத்துப்போனால் ஊளை பிறக்கும். இரண்டில் ஒன்றைச் சற்றே மாற்றினால் போதும்.

காற்று வளையத்தை கால் சுற்று மூடிப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கும், ஏனென்றால் காற்று அதிகமுள்ள கலவையே வேகமாகத் துடிக்கிறது. அடங்கவில்லையா, பர்னரைப் பொருத்தியிருக்கும் திருகைத் தளர்த்திப் பத்துப் பதினைந்து டிகிரி திருப்பி வையுங்கள். பிளவுகள் குழாய்ச் சுவரைப் பார்க்கும் கோணம் மாறும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்டெயின்லெஸ் கம்பிவலைதான் வழி. மெல்லிய வலையில் ஒரு சதுரம் வெட்டி, ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று சுருட்டி, கலவைக் குழாய் முடிந்து பிளவுகள் தொடங்கும் இடத்தில் உள்சுவரை ஒட்டி நுழையுங்கள். நடுவே வழி திறந்திருக்க வேண்டும். ஜெட்டுக்கு நேர் எதிரே வலையை வைத்தால் காற்று இழுப்பு செத்துவிடும். பித்தளை வலை வேண்டாம். சில ஓட்டங்களிலேயே உதிர்ந்து பிளவுகளை அடைத்துக்கொள்ளும்.

வலையைப் பர்னரின் வெளிப்புறத்தில் ஒரு சுற்று சுற்றுவதும் உண்டு. அப்போது வலை செக்கச்சிவந்து ஒளிரும், வெப்பம் கதிராகச் சுவருக்குப் போகும், ஒலியும் குறையும். ஆனால் பர்னருக்கும் தீக்குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி அந்த அளவுக்கு அடைபடுகிறது. சுடர் எரிய வேண்டிய மீதிக் காற்று அந்த இடைவெளி வழியாக வரும் அமைப்பாக இருந்தால் கலவை மூச்சுத்திணறும். கண் எரிச்சல் தரும் காட்டமான வாடை வந்தால் வலையை எடுத்துவிடுங்கள். அந்த வாடை அரைகுறையாக எரிந்த வாயுவினுடையது. கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். மூடிய கொட்டகைக்குள் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

கேள்வி: ஜெட் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. பம்ப் ஸ்டவ் பின்னால் குத்தலாமா? — வாசகர், சேலம்

பதில்: கூடாது. மண்ணெண்ணெய் அடுப்பின் பின் இந்தத் துளையைவிடப் பருமன். பித்தளை மென்மையானது, ஒரு குத்தில் துளை நீள்வட்டமாகிவிடும், பிறகு கேஸ் கோணலாகச் சீறும். ஜெட்டைக் கழற்றி அசிட்டோனிலோ தின்னரிலோ ஓர் இரவு ஊறப்போடுங்கள். காலையில் எடுத்து, எரியும் பக்கத்திலிருந்து உள்பக்கம் நோக்கி, அதாவது தலைகீழாக, அழுத்தக் காற்றைச் செலுத்துங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும்.

அடைப்பது பெரும்பாலும் தூசு அல்ல. மலிவான லைட்டர் கேஸில் கரைந்திருக்கும் எண்ணெய்ப்பசை. டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துத்தான் நிரப்புகிறோம் என்பதால் அடியில் தங்கும் மெழுகும் எண்ணெயும் எஞ்சின் டேங்குக்குள் வந்துவிடும். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு நொடி பீய்ச்சிப் பாருங்கள். ஆவியான பிறகு எண்ணெய்க் கறை நின்றால் அந்த டப்பாவை லைட்டருக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஜெட் தாங்கிக்குள் பொருந்தும் சின்டர் வெண்கல வடிகட்டி கிடைத்தால் போடலாம். திருகுமரையில் டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்கள் கவனிக்க: டேப்பின் இழை ஒன்று உள்ளே நழுவினாலும் நேரே ஜெட்டில்தான் போய் நிற்கும்.

கேள்வி: இலையுதிர் காலம் வந்தாலே என் எஞ்சின் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுவதில்லை. டேங்கில் கேஸ் இருக்கிறது, சுடர் மட்டும் சுருங்கிவிடுகிறது. டேங்கின் மேல் பனி படிகிறது. — வாசகர், டொராண்டோ

கேள்வி: சித்திரை, வைகாசியில் ஓட்டினால் புகைபோக்கியில் சுடர் அடி உயரம் எழுகிறது. மார்கழியில் இந்தத் தொல்லை இல்லை. — வாசகர், மதுரை

பதில்: இரண்டும் ஒரே கேள்வி. ஆகவே ஒரே பதில்.

டேங்கில் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது கேஸின் அளவல்ல, அதன் வெப்பநிலை. பியூட்டேன் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. ஆகவே 0 டிகிரியில் டேங்கின் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. கேஸ் வெளியே வரக் காரணமே இல்லை. 10 டிகிரியில் மானியில் அரை பார் காட்டும். 20 டிகிரியில் 1.1 பார், 30 டிகிரியில் 1.8, 40 டிகிரியில் 2.8. ஒரே ஜெட், ஒரே வால்வுத் திறப்பு என்றாலும், 10 டிகிரியில் போவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேஸ் 35 டிகிரியில் போகும். மதுரை வாசகரின் சுடர் அங்கிருந்து வருகிறது.

டொராண்டோ வாசகருக்கு இன்னொரு சங்கடமும் சேர்கிறது. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். 20 கிராம் பியூட்டேனுக்கு 7 கிலோஜூலுக்குச் சற்று அதிகம். அந்த வெப்பத்தை டேங்கின் உலோகத்திடமிருந்தும் மிச்சத் திரவத்திடமிருந்தும்தான் அது உறிஞ்சுகிறது. 150 கிராம் எடையுள்ள பித்தளை டேங்குக்கு வெளியிலிருந்து துளி வெப்பமும் வராது என்று வைத்தால், கணக்குப்படி 70 டிகிரிக்கும் மேல் இறங்க வேண்டும். அவ்வளவு இறங்கும் முன்பே அழுத்தம் தீர்ந்து சுடர் படுத்துவிடும். பனி படிவது அதன் அடையாளம்.

குளிருக்குத் தீர்வு: டேங்க் டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் இணையும் எரிபொருள், தண்ணீர் வண்டி) இருந்தால், டெண்டரில் 30, 35 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி டேங்கை அதில் மூழ்கவைப்பது. கையை வைத்தால் சுகமாக இருக்கும் சூடு போதும். 40 டிகிரியைத் தாண்டவே கூடாது, கொதிநீரை நினைத்தும் பார்க்கக் கூடாது. அரை லிட்டர் தண்ணீர் ஓர் ஓட்டம் முழுவதற்கும் வேண்டிய வெப்பத்தைத் தந்துவிட்டு, தான் நான்கு டிகிரிகூட இறங்காது. தண்ணீருக்கு இடமில்லாத சிறிய எஞ்சினில், பாய்லரின் பின்முகத்தோடு டேங்கை ஒரு செம்புப் பட்டையால் இணைக்கலாம். ஆனால் பட்டை அகலமானால் எதிர்விளைவு வரும்: டேங்க் சூடாக, கேஸ் கூட, பாய்லர் இன்னும் சூடாக, டேங்க் மேலும் சூடாகும். பத்து மி.மீ. பட்டையில் தொடங்கி, ஓட்டத்தின் நடுவில் டேங்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பட்டையைக் குறுக்குங்கள்.

பியூட்டேனும் புரொப்பேனும் 70:30 கலந்த முகாம் அடுப்பு டப்பாக்களையும் குளிர்நாடுகளில் பலர் பயன்படுத்துகிறார்கள். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி என்பதால் குளிரிலும் அது சீறும். 20 டிகிரியில் இந்தக் கலவையின் அழுத்தம் தனி பியூட்டேனுடையதைப்போல் மூன்று மடங்கு. உங்கள் டேங்கைச் செய்தவர் இந்தக் கலவைக்கு அனுமதி தந்திருந்தால் மட்டுமே நிரப்புங்கள். தந்திருந்தாலும் ஜெட்டை ஓர் அளவு சிறிதாக்குங்கள். கலவையில் முதலில் புரொப்பேன் அதிகமாகப் போய்விடும். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். எனவே தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை என்று வால்வைத் திருத்த வேண்டியிருக்கும்.

வெயிலுக்கு: டேங்குக்கும் பாய்லருக்கும் இடையே 3 மி.மீ. காற்று இடைவெளி விட்டு ஒரு செராமிக் காகிதத் தகடு நிறுத்துங்கள். ஈரத்துணிப் பட்டையை டேங்கில் சுற்றினால் மதுரை வெயிலில் அது நன்றாகவே வேலை செய்யும், ஈரம் காயும்வரை. எஞ்சினை நிழலில் நிரப்புங்கள். டேங்கை விளிம்புவரை திரவத்தால் நிரப்பாதீர்கள்; நிரப்பும் வால்வு திரவத்தைத் துப்பியதும் நிறுத்தி, ஒரு நொடி கேஸை வெளியே விட்டு ஆவிக்கு இடம் கொடுங்கள். இடமில்லாவிட்டால் சூடானதும் திரவமே குழாயில் ஏறும். சில நொடிக்கு ஒருமுறை குபீரென்று மஞ்சள் சுடர் எழுந்து அடங்கினால் அது திரவம்தான், அழுத்தம் அல்ல. வால்வைச் சிறிதாக்கி ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் தீர்ந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் கோடையில் கேஸ் மிஞ்சினால் 0.20க்குப் பதில் 0.15 மி.மீ. ஜெட் ஒன்றைக் கோடைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வால்வை மயிரிழையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதைவிட அது மேல்.

கேள்வி: வீட்டு எல்.பி.ஜி. சிலிண்டரிலிருந்து டேங்கை நிரப்பிக்கொள்ளலாமா? — வாசகர், திருநெல்வேலி

பதில்: முடியவே முடியாது. அதில் புரொப்பேனும் கலந்திருக்கிறது; உங்கள் டேங்க் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. கேஸை மாற்றி நிரப்புவது சட்டப்படியும் குற்றம்.

கேள்வி: நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினை 45 மி.மீ. தண்டவாளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறேன். அசல் எஞ்சின் எண்ணெயில் எரிவதால் இதிலும் எண்ணெய் பர்னர் வைக்க ஆசை. இன்னொன்று: குன்னூரிலும் ஊட்டியிலும் ஓட்டினால் கேஸ் பர்னர் மஞ்சளாக எரியுமா? — வாசகர், உதகமண்டலம்

பதில்: நல்ல எஞ்சினைத் தேர்ந்திருக்கிறீர்கள். மீட்டர் கேஜை 45 மி.மீ. தண்டவாளத்துக்குச் சுருக்கினால் 1:22.5 அளவு வரும். பர்னருக்கு இடம் தாராளம். ஆனால் எண்ணெய் வேண்டாம். பொன்மலைப் பணிமனையில் கட்டிய, எண்ணெயில் எரியும் எக்ஸ் எஞ்சின்களில், நீராவியின் வேகத்தால் எண்ணெயைச் சிதறடித்து எரிக்கிறார்கள். சிதறும் துளி காற்றில் மிதந்தபடி எரிந்து முடிய ஒரு தூரம் வேண்டும். எஞ்சினை 22 மடங்கு சுருக்கலாம், துளியை அப்படிச் சுருக்க முடியாது. சிறிய நெருப்புப்பெட்டியில் துளி எரியும் முன்பே சுவரில் மோதிக் கரியாகும். கேஸ்தான் சரி. அந்த அகன்ற நெருப்புப்பெட்டிக்கு, துளைகள் நிறைந்த செராமிக் தட்டு பர்னர் குழாய் பர்னரைவிடப் பொருத்தம். தட்டு முழுதும் ஆரஞ்சு நிறத்தில் சீராக ஒளிர வேண்டும். ஒரு மூலை கறுத்திருந்தால் கலவை அங்கே போகவில்லை. தட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் சுடர் கீழே இறங்கிவிடும், தட்டை மாற்றுவது தவிர வழியில்லை. தட்டைச் சுற்றியுள்ள ஒட்டுப்பூச்சில் கசிவு இருந்தாலும் இதே தொல்லை வரும்.

உயரத்தைப் பற்றிய கேள்வி முக்கியமானது. ஊட்டி 2,240 மீட்டர்; அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குதான். ஜெட் வழியே போகும் கேஸின் எடையை டேங்கின் அழுத்தமே தீர்மானிப்பதால் அது குறைவதில்லை. இழுபடும் காற்றின் எடை குறைகிறது. ஆகவே மேட்டுப்பாளையத்தில் நீலமாக எரிந்த பர்னர் ஊட்டியின் பகல் வெப்பத்தில் மஞ்சள் காட்டினால் வியப்பில்லை. காற்று வளையத்தை இன்னும் திறங்கள். முழுதும் திறந்தும் போதாவிட்டால் கேஸைக் குறையுங்கள். விடியற்காலைக் குளிரில் நிலைமை தலைகீழ்: டேங்க் குளிர்ந்து கேஸே குறைவாக வரும். ஆனால் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவாக இருப்பதால், 5 டிகிரியிலும் ஜெட்டில் ஏறக்குறைய அரை பார் வித்தியாசம் கிடைக்கும். சமவெளியில் 10 டிகிரியில் கிடைப்பது அதுவே. ஆக உங்கள் எஞ்சினுக்குக் காலை ஒரு வளைய நிலை, பகலுக்கு ஒன்று. இரண்டையும் வளையத்தில் கீறி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்பிரிட்டில் எரியும் கேஜ் 1 (45 மி.மீ. தண்டவாளம்) எஞ்சின். மூன்று திரி. நடுத்திரி மட்டும் மஞ்சளாக எரிந்து பாய்லரின் அடியில் கரி பிடிக்கிறது. சில சமயம் எஞ்சினுக்குக் கீழே ஸ்பிரிட் சொட்டித் தீப்பிடிக்கிறது. — வாசகர், சிங்கப்பூர்

பதில்: தீப்பிடிப்பதை முதலில் பார்ப்போம். டெண்டரில் இருக்கும் ஸ்பிரிட் டேங்க் காற்றுப்புகாமல் மூடியிருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் சிறு தொட்டிக்குள் இறங்கும். தொட்டியில் மட்டம் குறைந்து குழாயின் வாய் தெரியும்போது ஒரு குமிழி காற்று மேலேறும், அந்த அளவுக்கு ஸ்பிரிட் கீழே வரும். மட்டம் எப்போதும் ஒன்றாக நிற்பது இதனால்தான். இந்த ஏற்பாட்டின் உயிர் டேங்க் மூடியின் வாஷரில் இருக்கிறது. அது கசிந்தால் மேலிருந்து காற்று புகுந்து, ஸ்பிரிட் நிற்காமல் இறங்கித் தொட்டி வழியும். மூடியின் வாஷரை மாற்றுங்கள். பிறகு தண்டவாளத்தை விட்டு எடுத்து, தீ இல்லாமல், டேங்கை நிரப்பி அரை மணி நேரம் வைத்து, தொட்டியின் மட்டம் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால்தான் பற்றவைக்கலாம். வெயிலில் டேங்க் சூடானாலும் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஸ்பிரிட்டைத் தள்ளும். சிங்கப்பூர் நண்பகலில் இது நடக்கக்கூடியதே. நிழல், அல்லது டேங்கைச் சுற்றித் தண்ணீர்.

இனி திரி. ஸ்பிரிட்டின் மட்டம் பொதுவாகத் திரிக்குழாயின் விளிம்புக்கு 8 முதல் 10 மி.மீ. கீழே நிற்க வேண்டும். மேலே நின்றால் திரி ஊறிப்போய் மஞ்சளாக எரியும். கீழே நின்றால் பசியெடுத்த சுடர். எஞ்சின் சமதளத்தில் நிற்கிறதா, தொட்டி சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே ஒரு திரி மட்டும் தகராறு செய்வதற்குச் சாய்வு ஒரு காரணம்.

நடுத்திரி மட்டும் மஞ்சள் என்றால் பெரும்பாலும் அதற்குக் காற்று போகவில்லை. பக்கத்திரிகள் இரண்டும் தத்தம் வெளிப்புறத்திலிருந்து காற்று எடுத்துக்கொள்கின்றன; நடுவில் இருப்பது இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்கிறது. நடுத்திரியை ஒன்று ஒன்றரை மி.மீ. தாழ்த்துங்கள். பிறகு திரியின் நெருக்கம். செராமிக் இழையைக் குழாய்க்குள் திணிக்கும்போது கெட்டியாகத் திணித்தால் ஸ்பிரிட் ஏறாது, தளர்வாக விட்டால் வழியும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் லேசான பிடிப்போடு வர வேண்டும்; அதுவே சரியான பதம். உச்சியைச் சற்று விரித்து, தட்டையாக வெட்டுங்கள். பழைய எஞ்சின் ஒன்றை வாங்கியிருந்தால், திரி ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் பிய்க்காதீர்கள். நனைத்து, முகமூடி போட்டு எடுத்து, பையில் கட்டி அகற்றுங்கள்.

சுடரின் உயரம்: நீலச் சுடரின் வெளிமுனை பாய்லரைத் தொட வேண்டும், உள்ளேயுள்ள கூம்பு தொடக்கூடாது. கூம்பு குளிர்ந்த செம்பில் மோதினால் பாதி எரிந்த நிலையில் அணைந்து கரியாகவும் காட்டமான வாடையாகவும் மாறும். 1900 வாக்கில் ஸ்மிதீஸ் வடிவமைத்த, அடியில் நீர்க்குழாய்கள் கொண்ட வெளிச்சூட்டுப் பாய்லரில் இந்த இடைவெளியைத் திரியை உயர்த்தித் தாழ்த்தியே சரிசெய்துவிடலாம். உள்ளே பல தீக்குழாய்கள் கொண்ட பாய்லரில் திரி மட்டும் போதாது, காற்றிழுப்பு வேண்டும். நீராவி ஏறும்வரை புகைபோக்கியின் மேல் மின்விசிறி; 1 பார் வந்ததும் புளோயரை (புகைபோக்கிக்குள் நீராவியைப் பீய்ச்சிக் காற்றை இழுக்கும் குழாய்) திறந்து, பிறகே விசிறியை எடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால் சுடர் நெருப்புப்பெட்டியின் வெளியே வந்து சக்கரங்களைச் சுடும். புகைப்பெட்டிக் கதவிலோ நீராவிக் குழாய் நுழையும் துளையிலோ சந்து இருந்தால் விசிறி அந்தச் சந்தின் காற்றைத்தான் இழுக்கும், திரியின் காற்றை அல்ல. சந்துகளில் ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பாருங்கள். உள்ளே இழுபடும் இடத்தை வெப்பம் தாங்கும் சிலிக்கோனால் அடையுங்கள். புளோயரின் முனையும் வெளியேறும் நீராவியின் முனையும் புகைபோக்கியின் நடு அச்சில் இருக்க வேண்டும். நேரான கம்பி ஒன்றை முனையில் நிறுத்திப் பார்த்தால் சாய்வு உடனே தெரிந்துவிடும்.

ஸ்பிரிட்டின் தரமும் பாருங்கள். எஃகுக் கிண்ணத்தில் ஒரு கரண்டி எரித்தால் பிசுபிசுப்போ தேங்கிய நீரோ மிஞ்சக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டாம். அது மஞ்சளாகவே எரியும், கரி விடும், எந்தத் திரியாலும் அதைத் திருத்த முடியாது. தனி மெத்தனால் விஷம். அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: நின்றிருக்கும்போது சேஃப்டி வால்வு தாராளமாகச் சீறுகிறது. ஓடத் தொடங்கி இரண்டு சுற்றில் அழுத்தம் பாதியாகிறது. பர்னரின் சக்தி போதவில்லையா? — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நின்றபடி சேஃப்டி வால்வைத் திறக்கும் பர்னரைச் சந்தேகிக்கும் முன் செலவைப் பாருங்கள். பிஸ்டன் ஓ-ரிங் தேய்ந்திருந்தால் நீராவி வேலை செய்யாமலே புகைபோக்கிக்குப் போய்விடும். எஞ்சினைக் கையால் பிடித்து நிறுத்தி, சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரைச் சற்றே திறங்கள். சக்கரம் நகராதபோது புகைபோக்கியில் தொடர்ந்து நீராவி வந்தால் கசிவு உள்ளே இருக்கிறது.

அது சரியாக இருந்தால் புகைப்பெட்டியைத் திறந்து, வெளியேறும் நீராவிக் குழாயின் முனை எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். கேஸ் எஞ்சினில் அந்த வீச்சு சுடருக்குத் தேவையே இல்லை. சாய்ந்த முனையிலிருந்து நீராவியும் எண்ணெயும் தீக்குழாயின் வாய்க்குத் திரும்பி அடித்தால் சுடர் நனைந்து தடுமாறும். வீச்சு அளவுக்கு மீறி இருந்தால் சுடரையே முன்னோக்கிப் பிடுங்கும். முனையைப் புகைபோக்கிக்கு நேராகவும், தீக்குழாயின் மேல்விளிம்புக்கு மேலாகவும் வளைத்து வையுங்கள். தொடங்கும்போது சிலிண்டரில் தேங்கிய நீர் முழுதும் போகும்வரை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

தீக்குழாய்க்குள் ஒரு ஸ்டெயின்லெஸ் பட்டையை முறுக்கிப் போட்டு, பர்னரைத் தாண்டிய வெற்றிடத்தில் சூட்டைச் சுவர் பக்கம் திருப்பலாம். குழாயின் விட்டத்தில் பாதி அகலம், ஒரு முழு முறுக்கு. அதற்கு மேல் போனால் புகைபோக்கி அடைபட்டதற்குச் சமம். புகைப்பெட்டியின் சூடு குறைந்து, சுடர் நிறம் மாறாமல் இருந்தால் பட்டை உதவுகிறது. சுடர் மஞ்சளானால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அரை மணி நேரம் ஓடுவது போதவில்லை. கேஸ் டேங்கை இரட்டிப்பாக்கலாமா? — வாசகர், பெங்களூரு

பதில்: தண்ணீரையும் கூடவே கூட்ட வழி செய்யாமல் கூடாது. இந்த எஞ்சின்களில் கேஸ் தீரும்போது பாய்லரில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும்படிதான் டேங்கின் அளவு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒழுங்கைக் குலைத்தால், தீக்குழாயின் மேல்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்ட பிறகும் சுடர் எரிந்துகொண்டிருக்கும். ஈயப் பற்றாசு வைத்த இடங்கள் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். வெள்ளிப் பற்றாசு தாங்கினாலும் வெறும் செம்பு சூட்டில் மென்மையாகி உருக்குலையும்.

செய்ய வேண்டியது இது: தண்ணீர் நிரப்பும் மூடி இருக்குமிடத்தில் குடால் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். அது ஒருவழி வால்வு. அழுத்தம் இருக்கும்போதே பிழியும் பாட்டிலால் பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தலாம். நீர்மட்டக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். கண்ணாடியில் கால் பங்கு இறங்கியதும் 20, 30 மி.லி. வெந்நீர் செலுத்துங்கள், குளிர்நீரை ஒரேயடியாகச் செலுத்தினால் அழுத்தம் படுத்துவிடும். வடித்த நீரோ மழைநீரோ நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு தீக்குழாயின் மேல் படிந்தால் பர்னரை எவ்வளவு திருத்தினாலும் சூடு தண்ணீருக்குப் போகாது. இந்த இரண்டும் பொருத்தி, கண்ணாடியில் மட்டம் சரியாகத் தெரிகிறது என்று உறுதியான பிறகு, டேங்கைப் பெரிதாக்காமல் இடையில் ஒருமுறை கேஸ் நிரப்பி ஓட்டுங்கள். நிரப்பும்போது சுடர் முழுதும் அணைந்திருக்க வேண்டும். பர்னர் தொடும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். அருகில் ஓடும் மற்ற எஞ்சின்கள் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நிற்கட்டும். பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுத்த எஞ்சினின் சுடரில் பற்றிக்கொள்ளும்.